சாப்பிட்டியா, படிச்சியா... அதுக்கு அப்புறம்?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சிங்கப்பூர் நேரம் எட்டரைக்கு ரங்கூனுக்குப் போன் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அங்கே அப்போது மணி ஏழு. அக்காதான் எடுப்பாள். சாப்டீங்களா, என்ன குழம்பு, மழையா, கரண்ட் இருக்கா என்று போகும். பிறகு போன் அப்பாவிடம், அப்புறம் மச்சானிடம், கடைசியில் அக்கா மகனிடம் வரும்.

"படிக்கிறியாடா?"

"ம்."

"உடம்பு நல்லாருக்கா?"

"ம். நல்லாருக்கு மாமா."

"சரி, அம்மாகிட்ட குடு."

இருபது விநாடிதான். நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன், எதையும் அளந்து பார்க்கிற புத்தி போகாது. தமிழில் கேள்வியின் வாலில் ஒரு 'ஆ' போட்டுவிட்டால் அதற்கு ஆமா, இல்லை என்று இரண்டே பதில்தான். எங்கள் தொழிலில் இதை பூலியன் என்போம். சாப்பிட்டியா, படிச்சியா, குளிச்சியா, போனை வெச்சியா எல்லாமே பூலியன். பிள்ளைக்கு நாலு வயசு வரைக்கும் இது போதும். பதினாலு, பதினேழு வயசில் அவனும் நம்மிடம் பூலியனிலேயே பேசக் கற்றுக்கொள்கிறான். "ம்" என்பதை விடச் சின்ன பதில் கிடையாது.

"சாப்பிட்டியா" என்ற கேள்வியை நான் கேலி செய்யவில்லை. நம் வீடுகளில் அன்பை வாய்விட்டுச் சொல்லும் வார்த்தை அதுதான், அதைப் பிடுங்கிவிட்டால் பாதிப் பேர் ஊமையாகிவிடுவோம். அது முடிந்த பிறகு என்ன என்பதுதான் கேள்வி. போன வருஷம் எங்கள் வீட்டில் அது ரொம்ப அவசரமான கேள்வியாகிவிட்டது.

காரணத்தைச் சொல்ல ஊரைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பசுந்தாங் என்பது யாங்கூன் நகரத்தின் கிழக்குப் பக்கம், அதே பேருள்ள ஓடையை ஒட்டிய பகுதி. நாங்கள் இன்னும் ரங்கூன் என்றுதான் சொல்வோம். வெள்ளைக்காரன் காலத்தில் ஓடைக்கரை நெடுக அரிசி மில்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மாதான். அந்த மில்களிலும் துறைமுகத்திலும் மூட்டை தூக்கியவர்களில் நம்ம ஆட்கள் ஏராளம். 1931 கணக்கெடுப்பில் ரங்கூனில் சுமார் 4 லட்சம் பேர், அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். என் தாத்தா ஒரு மில்லில் மேஸ்திரி. 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் தாண்டி நடந்தே இந்தியாவுக்குப் போனார்கள், வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கில்லை. தாத்தாவும் நடந்தார். போர் முடிந்ததும் திரும்பி வந்தார். அப்பா பிறந்தது 1946-இல், பசுந்தாங்கில்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் வெளிநாட்டில் இரண்டாம் தலைமுறை. அக்கா மகன் அந்த மண்ணில் நான்காம் தலைமுறை. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ஒரு பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர். படிப்பு, நண்பர்கள், கனவு எல்லாம் பர்மிய மொழியில். தமிழ் அடுப்படியோடும் கோயிலோடும் சரி.

2021 பிப்ரவரி 1-ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவனுக்கு 13 வயசு. ஃபேஸ்புக்கை அந்த மாசமே தடுத்தார்கள், 2024 மே கடைசியில் விபிஎன்-களையும் தடுத்தார்கள். அப்புறம் போனில் என்ன பேசுவது? யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லாரும் ஜாக்கிரதை. குழம்பு, மழை, கரண்ட் என்று எங்கள் பேச்சு சுருங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அவன் பதின்பருவம் முழுக்க, பெரியவர்கள் முக்கியமான எதையும் வாய்விட்டுப் பேசாத ஒரு வீட்டில்தான் ஓடியது.

2024 பிப்ரவரி 10-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. 2010-இல் எழுதி வைத்துக் கிடப்பில் கிடந்த கட்டாய ராணுவ சேவைச் சட்டம் அமலுக்கு வருகிறது: ஆண்களுக்கு 18 முதல் 35 வயசு வரை, பெண்களுக்கு 18 முதல் 27 வரை. இரண்டு வருஷம், நெருக்கடி என்றால் ஐந்து. ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போக விண்ணப்பிப்பதையும் அந்த மே மாசமே நிறுத்தி வைத்தார்கள். அக்கா மகனுக்கு அடுத்த ஜூனில் பதினெட்டு.

அந்த வாரம் அக்கா போனில் குழம்பு பற்றிக் கேட்கவில்லை. "டிசம்பர்ல வர்றேல்ல? வந்து அவன்கிட்ட பேசு. உன்கிட்டன்னா பேசுவான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எதைப் பற்றி என்று நானும் கேட்கவில்லை.

தாய்மாமன் என்றால் அப்படித்தான். அப்பாவிடம் சொல்ல முடியாததை மாமனிடம் சொல்லலாம் என்பது நம்ம சனத்தில் எழுதாத சட்டம். காது குத்தும்போது மடியில் உட்கார வைத்து, அழுகிற பிள்ளையை இறுக்கிப் பிடிக்கிறவன் அவன்தானே. எனக்கும் ஒரு மாமா இருந்தார். எனக்குப் பதினாறு வயசில் வட்ட ரயிலில் கூட்டிப் போவார். பசுந்தாங் ஸ்டேஷனில் ஏறினால் நகரத்தைச் சுற்றி 46 கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று மணி நேரம், மறுபடி பசுந்தாங்கிலேயே இறங்கலாம். போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று கிடையாது. 1988-இல் மாணவர்கள் தெருவில் இறங்கியபோது மாமா கல்லூரி மாணவர். தான் பார்த்ததையெல்லாம் அந்த ரயில் சத்தத்தில்தான் எனக்குச் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்தபடி. வீட்டில் அதைப் பேச முடியாது, பக்கத்து வீட்டுக்குக் காது உண்டு. கல்லூரிகளை மூடினார்கள். திரும்பத் திறந்தபோது மாமா ஒரு கடையில் மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். இந்தக் கதையை எனக்குச் சொல்லி முடித்துவிட்டு "அதனால நீ..." என்று ஒரு தடவைகூட ஆரம்பித்ததில்லை. அந்த ஒன்றுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

டிசம்பரில் மூன்று வாரம் லீவு போட்டுவிட்டுப் போனேன். 14 வயசு மகளும் வந்தாள்.

வீடு ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ரங்கூன் மாடி வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெரு வரைக்கும் தொங்கும், நுனியில் ஒரு கிளிப். பேப்பரோ காய்கறியோ கீழே மாட்டிவிட்டால் மேலே இழுத்துக்கொள்ளலாம். மகள் முதல் நாள் முழுக்க அந்தக் கயிற்றோடு விளையாடினாள். மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். போனால் வைஃபை போகும், விசிறி போகும், எல்லாரும் பால்கனிக்கு வந்துவிடுவோம். தமிழ்க் குடும்பத்தில் நாலு பேரை ஒரே இடத்தில், போன் இல்லாமல், டிவி இல்லாமல் உட்கார வைக்கக்கூடிய சக்தி இந்த உலகத்தில் மின்வெட்டுக்கு மட்டும்தான் உண்டு.

நான் எதையும் ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்து வைத்தது மகள்.

"தாத்தா, பசுந்தாங்னா இங்க நிறைய பசு இருந்திச்சா?"

அப்பா சிரித்துவிட்டார். இருட்டில் ஒரு மூலையிலிருந்து அக்கா மகன் சொன்னான்: "பசு இல்ல. பசுன். பர்மிய பாஷையில பசுன்னா இறால், தாங்னா மலை. இறால் மலை."

"இங்க மலையே இல்லியே?"

"இறாலும் இல்ல" என்றான்.

அது வரைக்கும் அந்தப் பயணத்தில் அவன் பேசியதிலேயே நீளமானது அதுதான். அப்பா ஓடையைப் பற்றி, மில் சங்கு ஊதுவதைப் பற்றி, உமி எரிகிற வாசனையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனார். அப்படியே 1964-க்கு வந்தார். தனியார் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்ட வருஷம். எங்கள் தாத்தா மில் வேலையை விட்டுவிட்டுப் போட்டிருந்த சின்னப் பருப்புக் கடையும் போயிற்று. பேர்ப் பலகையைக் கழற்றிவிட்டு 'மக்கள் கடை' என்று ஒரு நம்பர் மாட்டினார்கள். மே மாசம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அடுத்த சில வருஷங்களில் ஏறக்குறைய 3 லட்சம் இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். அரசாங்கம் விட்ட கப்பல்களில், கையில் துணியும் கொஞ்சம் காசும். பெண்கள் போட்டிருந்த நகையைக்கூடத் துறைமுகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சென்னையில் பீச் ஸ்டேஷன் எதிரில் இருக்கிற பர்மா பஜாரும், வியாசர்பாடி பக்கம் தள்ளுவண்டியில் அத்தோ விற்கிறவர்களும் அந்தக் கப்பல்களில் போனவர்களின் வழிதான். என் பெரியப்பாவும் அப்படித்தான் போனார்.

இந்தக் கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும். எப்போதும் பெரியப்பா கப்பல் ஏறுவதோடு முடிந்துவிடும். மகளுக்கு அது தெரியாது.

"அப்ப நீங்க ஏன் தாத்தா போகல?"

அப்பா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா மகன் கேட்டான்:

"அப்ப உங்களுக்கு என்ன வயசு தாத்தா?"

"பதினெட்டு."

தெருவில் யாரோ ஜெனரேட்டரை இழுத்துக் கிளப்புகிற சத்தம் மட்டும் கேட்டது. அக்கா எழுந்து உள்ளே போகப் பார்த்தாள், போகவில்லை.

அப்பா சொன்னார். அவருடைய அம்மா கப்பல் ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். 1942-இல் நடந்து போனபோது வழியில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவர், இன்னொரு தடவை ஊரைவிட்டுக் கிளம்ப உடம்பிலும் மனசிலும் தெம்பில்லை. பெரியவன் போகட்டும், சின்னவன் நம்மோடு இருக்கட்டும் என்று தாத்தா ராத்திரியில் முடிவு செய்தார். காலையில் அண்ணன் பெட்டி கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு விஷயமே தெரியும்.

"என்னை யாரும் கேக்கல" என்றார்.

"கேட்டிருந்தா போயிருப்பீங்களா?" அக்கா மகன்தான் கேட்டான்.

"தெரியலடா. போயிருக்க மாட்டேன்னுதான் நெனக்கிறேன். அம்மாவ விட்டுட்டு எங்க போறது. ஆனா கேட்டிருக்கலாம்."

அறுபது வருஷத்துப் பேச்சு. 78 வயசு மனுஷர் இதை என்னிடம் சொன்னதில்லை, அக்காவிடம் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அவரை அசைத்தது எது என்று யோசித்திருக்கிறேன். "உங்கள் மனசில் என்ன இருக்கிறது, மனம்விட்டுப் பேசுங்கள்" என்று நாங்கள் யாரும் அவரை உட்கார வைத்துக் கேட்கவில்லை. பிள்ளை வளர்ப்புப் புத்தகங்கள் அப்படித்தான் கேட்கச் சொல்கின்றன. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முகத்துக்கு முகம் உட்கார்ந்து "உன் மனசுல என்ன ஓடுது, சொல்லு" என்றால் பதினேழு வயசுப் பையனுக்கு அது போலீஸ் விசாரணை மாதிரிதான் இருக்கும். இங்கே நடந்தது வேறு. ஒரு பெரியவர் தன்னுடைய பதினெட்டு வயசைப் பற்றி, அதில் தனக்கு இன்னும் ஆறாத ஒன்றைப் பற்றி, பாடம் எதுவும் ஒட்டாமல் சொன்னார். அந்தப் பையனுக்கு ரங்கூனில் கிடைக்காமல் இருந்தது அதுதான் என்று நினைக்கிறேன். அவனுக்கு அறிவுரை சொல்ல ஆள் நிறைய இருந்தார்கள். அவன் வயசில் இதே மாதிரி ஓர் இடத்தில் நின்றவர் ஒரே ஒருத்தர்தான் இருந்தார், அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

மறுநாள் விடியற்காலையில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, தண்ணீர் மேலே ஏறாது. கீழே தொட்டியிலிருந்து குடத்திலும் வாளியிலும் தூக்க வேண்டும். ஐந்து மாடி. அக்கா மகன் கிளம்பினான், நானும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டேன். மூன்றாவது மாடியில் நான் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது (சிங்கப்பூரில் லிஃப்டிலேயே வாழ்ந்து கெட்டவன்) அவனும் பக்கத்துப் படியில் உட்கார்ந்தான். பேச ஆரம்பித்தான், தமிழில்.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவன் தமிழ் தடுக்கும். பாதி வாக்கியத்தில் பர்மிய வார்த்தைக்குத் தாவிவிடுவான். அன்றைக்கு விடாமல் தமிழிலேயே பேசினான். ஏன் என்று கேட்டதற்கு, கீழே மேலே எந்தக் கதவையும் பார்க்காமல், "நம்ம பாஷை இந்தக் கட்டடத்துல யாருக்கும் புரியாது மாமா" என்றான். தமிழைக் காப்பாற்ற வேண்டும் என்று நாம் வார இறுதி வகுப்பு நடத்துகிறோம், திருக்குறள் போட்டி வைக்கிறோம். ஒரு பதினேழு வயசுப் பையனுக்குத் தமிழ் உயிருள்ள மொழியானது, ரகசியம் பேச உதவியபோது.

ஆனால் ஒரே ஒரு வார்த்தை மட்டும் அவனுக்குத் தமிழில் வரவில்லை. "அம்மாகிட்ட சொல்ல எனக்கு ஆனாதே மாமா." பர்மியர்களோடு பழகியவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். ஆ என்றால் பலம், நா என்றால் வலிப்பது. இன்னொருத்தருக்குப் பாரமாகிவிடுவோமோ, அவர் மனசைச் சங்கடப்படுத்திவிடுவோமோ என்று நம்முடையதைச் சொல்லாமல் விழுங்கிக்கொள்வது. தமிழில் கூச்சம் என்றால் குறைகிறது, தயக்கம் என்றால் வேறாகிறது. வீட்டில் "வாயைத் தொறக்க மாட்டேங்குறான், திமிரு" என்று மச்சான் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். அவன் பேசாமல் இருந்தது தன் பாரத்தை அம்மா மேல் ஏற்றக் கூடாது என்றுதான். இந்தச் சொல் இல்லாத மொழிகளில் வளரும் நம் பிள்ளைகளிடமும் இந்தக் குணம் இருக்கிறது என்பது என் எண்ணம். இரண்டு வேலை பார்த்துவிட்டு அலுத்து வருகிற அம்மாவிடம் பள்ளியில் நடந்ததைச் சொல்லாத பிள்ளை எல்லா ஊரிலும் உண்டு. நாம் அதற்கு வைக்கிற பெயர்தான் திமிர், போன் பைத்தியம், அந்த வயசு அப்படி.

அவன் சொன்ன விஷயம் இதுதான். ஒரு வருஷமாக ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருக்கிறான். அந்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமை என்4 தேர்வு எழுதியும் விட்டான். கணக்கு டியூஷன் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி நேரம் அந்த வகுப்பு. பணம், கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவன் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தது. ரங்கூனில் இது அதிசயமில்லை, அவன் வயசுப் பிள்ளைகள் ஏராளமாக ஜப்பானிய மொழி படிக்கிறார்கள். போகிற வழி, எந்தப் படிப்பு, எவ்வளவு செலவு, எது நடக்காமல் போகலாம் என்று எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். நானும் அக்காவும் மச்சானும் எட்டு மாசமாக "பையனை என்ன செய்வது" என்று தனித்தனியாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் இந்த நோட்டு அவன் தலையணைக்கடியில் இருந்தது.

நோட்டில் ஒரு பக்கம் மட்டும் காலி.

"நான் போயிட்டா தாத்தாவுக்கு யார் மாமா தண்ணி தூக்குறது? அப்பாவுக்கு முட்டி வலி. அம்மா அஞ்சு மாடி தூக்க முடியாது."

உயிருக்கு ஆபத்து, எதிர்காலம், குடும்ப மானம் என்றெல்லாம் பேச நான் தயாராகத்தான் போயிருந்தேன். அவனைத் தடுத்துக்கொண்டிருந்தது நாலு வாளித் தண்ணீர். முந்தின ராத்திரி தாத்தா சொன்னது அவனுக்குள் எங்கே போய் விழுந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அறுபது வருஷத்துக்கு முன்னால் வீட்டோடு இருந்துவிட்ட பையனின் கேள்விதான் இவனுடையதும். வித்தியாசம், இவனைக் கேட்க ஆள் இருந்தது.

நான்காவது மாடியில் இன்னொன்று கேட்டான். "சிங்கப்பூர்லயும் பதினெட்டுல ஆர்மிக்குத்தானே போறாங்க? அப்ப நான் பயந்தாங்கொள்ளியா?" நல்ல கேள்வி. 1967-லிருந்து அங்கே தேசிய சேவை இருக்கிறது, முழுநேரமாக இரண்டு வருஷம், நிரந்தரவாசிகளின் பிள்ளைகளும் போகிறார்கள். என் மகளுடைய தோழியின் அண்ணன் போனபோது குடும்பமே படகுத் துறை வரைக்கும் போய்ப் படம் எடுத்துக்கொண்டது. "நீ என்ன நினைக்கிறே?" என்று கேள்வியைத் திருப்பிவிடலாம், வாத்தியார்கள் செய்வது மாதிரி. பிள்ளைகள் நேரடியாகக் கேட்கும்போது அப்படி நழுவுவது எனக்குப் பிடிக்காது. நான் நினைத்ததைச் சொன்னேன்: அங்கே சண்டை இல்லை, இங்கே நடக்கிறது உள்நாட்டுச் சண்டை, எதிரில் நிற்பவன் உன்னோடு படித்தவனாகவும் இருக்கலாம். அதில் போக மனசில்லாதவன் கோழை இல்லை. நான் இப்படி நினைக்கிறேன், உங்க அப்பா வேற மாதிரி நினைக்கலாம், அவரையும் கேள். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தண்ணி சிந்துது மாமா" என்றான்.

அன்றைக்குக் காலையில் நடந்ததில் கஷ்டமான பகுதி அது இல்லை. மேலே வந்ததும் அக்கா கேட்டாள், "என்ன சொன்னான்?"

நம் குடும்பங்களில் பிள்ளை ராத்திரி ஒருத்தரிடம் சொன்னது விடிவதற்குள் மூன்று நாட்டுச் சொந்தத்துக்குத் தெரிந்துவிடும். வாட்ஸ்ஆப் குடும்பக் குழு வந்த பிறகு விடியும் வரைக்கும்கூடக் காத்திருப்பதில்லை. அன்பால்தான் செய்கிறோம். ஆனால் பிள்ளைகள் அதைக் கவனிக்கிறார்கள். யாரிடம் சொன்னால் எங்கே போகும் என்ற வரைபடம் அவர்களிடம் துல்லியமாக இருக்கிறது. "அவனே சொல்லுவான்க்கா" என்றேன். "உன்னை அனுப்பினதே நான்தான்டா" என்றாள். "அதான் சொல்றேன், அவனே சொல்லுவான்." இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் போட்டாள், சாப்டியா என்று கேட்காமல். எங்கள் வீட்டில் அதுதான் பெரிய தண்டனை.

மச்சானைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவரை நான் வில்லனாக்கிவிடக் கூடாது. பேயினாங் சந்தையில் ஒரு பருப்புத் தரகரிடம் பல வருஷமாக வேலை. அங்கேயிருந்துதான் உளுந்தும் துவரையும் இந்தியாவுக்கு மூட்டை மூட்டையாகக் கப்பலேறுகிறது. சென்னையில் நீங்கள் சாப்பிடும் இட்லியில் எங்கள் ஊர் உளுந்தும் இருக்கலாம். சாயங்காலம் சாம்பிள் பொட்டலங்களைக் கொண்டுவந்து மேசையில் கொட்டி, கல்லும் சொத்தையும் பொறுக்குவார். பல்லால் ஒரு பருப்பைக் கடித்து ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். மகனும் எதிரில் உட்கார்ந்து பொறுக்குவான். இருவரும் அப்போது பேசிக்கொள்வதை நான் மறைந்திருந்து கேட்டிருக்கிறேன். விலை, டாலர், எந்த வியாபாரி ஏமாற்றினான் என்று நல்ல பேச்சு, சிரிப்புகூட. கையில் வேலையும் கண்ணுக்குப் பார்க்க ஏதாவதும் இருந்தால் அந்த அப்பாவும் மகனும் பேசுவார்கள். "உக்காரு, உன்கிட்ட பேசணும்" என்று அவர் சொன்ன நிமிஷம் பையன் மூடிக்கொள்வான்.

அவன் சொன்னதும் அந்த மேசையில்தான். நாங்கள் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால், உளுந்து பொறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல். நோட்டைக் கொண்டுவந்து பருப்புக்குப் பக்கத்தில் வைத்தான். மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். செலவுக் கணக்கில் ஒரு இடத்தில் கூட்டல் தப்பு என்று பென்சிலால் சுழித்தார். அவரால் முடிந்தது அது, அதன் அர்த்தம் பையனுக்குத் தெரிந்தது. அக்கா அடுப்படி வாசலில் நின்றுகொண்டே கேட்டாள், "எப்போலேர்ந்துடா?" அப்புறம், "அங்க ரொம்பக் குளிருமா?" வாலில் 'ஆ' இருந்தும் அந்தக் கேள்விக்கு அவன் கால் மணி நேரம் பதில் சொன்னான்.

தண்ணீர்ப் பிரச்சினையை அப்பாவே முடித்து வைத்தார். இரண்டாவது மாடி வீட்டுப் பையனுக்கு மாசம் இவ்வளவு சாட் என்று பேசியாயிற்று. "எனக்காக ஒருத்தன் இருந்துட்ட வரைக்கும் போதும்" என்று அப்பா சொன்னார். யாரைச் சொன்னார், தன்னையா, பேரனையா என்று நாங்கள் கேட்கவில்லை.

உங்கள் வீடுகளில் விஷயம் இவ்வளவு கனமாக இருக்காது. எந்தப் பாடம் எடுப்பது, யாரோடு வெளியே போவது, ஏன் அறைக் கதவு சாத்தியே இருக்கிறது என்ற அளவில் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெரியவரின் பதினெட்டு வயசு எங்கேயோ பேசப்படாமல் கிடக்கிறது. 1983 ஜூலையில் கொழும்பிலிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் போனவராக இருக்கலாம், மலேயாவில் தோட்டம் துண்டாடப்பட்டபோது பள்ளியை விட்டவராக இருக்கலாம், விரும்பிய படிப்பை விட்டுவிட்டு அப்பா சொன்ன படிப்பைப் படித்தவராக இருக்கலாம். இரண்டாம் தலைமுறைப் பெற்றோரான நமக்கு அதன் வெற்றிப் பதிப்பு மட்டும்தான் சொல்லப்பட்டிருக்கிறது: கஷ்டப்பட்டோம், முன்னேறினோம், அதனால் நீ படி. பேரப்பிள்ளைகள் கேட்டால் மீதியும் வரும். நம்மைவிட அவர்களிடம் தாத்தா பாட்டிகள் நிஜமாகப் பேசுகிறார்கள் என்பதை நான் பார்த்துவிட்டேன். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

2025 மார்ச் 28-ஆம் தேதி மதியம் மண்டலே பக்கம் 7.7 அளவில் பூகம்பம். ரங்கூனும் ஆடியது. நான் அலுவலகத்தில் லைன் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தபோது அவனே கூப்பிட்டான். எல்லாரும் தெருவில் நிற்கிறோம், தாத்தாவை முதுகில் சுமந்து இறக்கினேன், அம்மா அடுப்பை அணைத்தேனா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்று நாலு நிமிஷம் மூச்சு விடாமல் பேசினான். பின்னால் அக்கா குரல் கேட்டது: "மாமா சாப்ட்டானான்னு கேளு."

ஜூனில் அவனுக்குப் பதினெட்டு முடிந்தது. இப்போது எங்கே இருக்கிறான், நோட்டில் எழுதியதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று இங்கே எழுதுவதாக இல்லை. எழுதியதை அனுப்புவதற்கு முன்னால் அவனுக்குக் காட்டினேன். ஒரு பத்தியை எடுத்துவிடச் சொன்னான். எடுத்துவிட்டேன். தேர்வில் பாஸானதை ஏன் எழுதவில்லை என்றும் கேட்டான். பாஸாகிவிட்டான்.